மல்லிகாவின் சைக்கிளுக்கு நான் சொன்ன குறைகள்

மதுரையில் அந்த சைக்கிள் கடையின் தரை பளபளவென்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனவன் நான் ஒருத்தன்தான். மற்றவர்களெல்லாம் பூட்ஸோடு நடந்து கொண்டிருந்தார்கள்.

என் மனைவி மல்லிகா வெளிர் நீல சைக்கிள் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். பின் சக்கரத்தை ஒரு தாங்கியில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சேலையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாக மிதித்துப் பார்த்தாள். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது.

கடையில் வேலை செய்யும் பெண் குனிந்து சீட்டை இரண்டு விரல்கடை இறக்கினாள். பிரேக் பிடியை ஏதோ திருகி, மல்லிகாவின் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "இப்பப் பாருங்கம்மா" என்றாள். மல்லிகா மறுபடி மிதித்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கல்யாண வீட்டில் போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னால்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

நான் விலை அட்டையைப் பார்த்தேன். நாற்பத்தெட்டாயிரம்.

"சுமாருதான்" என்றேன். டயரை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினேன். "டயரு குச்சி மாதிரி இருக்கு. மணி இல்ல, கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல. பெயிண்டும் ஒரு மாதிரி வெளுத்துக் கெடக்கு. எங்க ஊர்ல ஆறாயிரத்துக்கு இதெல்லாம் சேத்துக் குடுப்பான்."

மல்லிகா மிதிப்பதை நிறுத்தினாள். சைக்கிளை விட்டு இறங்கினாள். "வா, போவோம்" என்று நான் முன்னால் நடந்தேன். வேகமாக நடக்கவில்லை. செருப்பை ரொம்ப நிதானமாக மாட்டினேன். யாராவது "சார், சார், கொஞ்சம் நில்லுங்க" என்று கூப்பிட வேண்டும். தெருமுனை வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டே போனேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை.

சரக்கைப் பார்த்துச் சிரிக்காதே

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். போடிநாயக்கனூரில் வடக்கத்தி வியாபாரிகளுக்காக ஏலக்காய் வாங்கிக் கொடுத்தே முப்பது வருசத்துக்கு மேல் ஓட்டியவன் நான். இப்போது பாதி ஓய்வு.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பிடித்த சரக்கைப் பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொள்ளக் கூடாது. மாதிரிக் காயைத் தட்டில் கொட்டியதும், கிளிப்பச்சையாக எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காய் கண்ணைப் பறிக்கும். உள்ளுக்குள் வாய் ஊறும். ஆனால் மூஞ்சியை வேப்பங்காய் கடித்த மாதிரி வைத்துக்கொண்டு, "வெளுத்துப் போச்சே, வெடிப்பு இருக்கே, எடை நிக்காதே" என்று நாலு குறை சொல்லித் தட்டைத் தள்ளிவிட வேண்டும். நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை வந்தால் ஏலத்தில் பக்கத்து நாற்காலிக்காரன் காது விறைத்துக்கொள்ளும், விலை ஏறிவிடும்.

இப்போது ஏலமெல்லாம் கம்ப்யூட்டரில் பொத்தானைத் தட்டி நடக்கிறது. ஆனாலும் மூஞ்சியை வைத்துக்கொள்கிற வித்தை மட்டும் மாறவில்லை.

போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருந்த ஒரு மலையாளத்துக்காரர் எனக்குப் பழக்கம். அவருடைய காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போய், உலர்த்தி எடுத்த காயைக் கையில் அள்ளி, நான் பாட்டுக்குக் குறை சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர் பால் விடாத கட்டஞ்சாயாவை உறிஞ்சிக்கொண்டு சிரிப்பார். "நீ ரெண்டு குற்றம் பறஞ்சால் காய் கொள்ளாம். அஞ்சு பறஞ்சால் நல்ல ஒண்ணாந்தரம்" என்பார். ரெண்டு குறை சொன்னால் காய் பரவாயில்லை, அஞ்சு சொன்னால் முதல் தரம் என்று கணக்கு. தொழில் தெரிந்தவர்களுக்குள் இது ஒரு பாஷை. அவ்வளவுதான்.

அந்த பாஷை தெரியாத ஓர் ஆளோடு முப்பத்திரண்டு வருசமாகக் குடும்பம் நடத்திக் கொண்டிருந்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆறாயிரத்துச் சொச்சம்

சைக்கிள் எதற்கு என்று கேட்பீர்கள். மல்லிகா அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சிலமலையில் அவளுடைய அப்பா கொடுத்த முக்கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு தென்னை, நடுவில் கத்தரி, அவரை, வரப்போரம் முருங்கை. வேலையில் இருந்தவரைக்கும் அதை யாரோ பார்த்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற மறு வாரமே, "இனிமே என் நெலத்தை நானே பாக்குறேன்" என்றுவிட்டாள்.

போடியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சிலமலைக்கு ஏழெட்டு கிலோமீட்டர். பஸ் அது நினைத்த நேரத்துக்கு வரும். என் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போவேன். ஆனால் எனக்கு அங்கே என்ன சோலி? பத்து நிமிசத்தில், "வெரசா வா, எனக்கு வேலை கெடக்கு" என்று வரப்பில் நின்று சத்தம் போடுவேன். அவள் பாதித் தண்ணீர் பாய்ச்சியதும் பாதி பாய்ச்சாததுமாகக் கிளம்பி வருவாள்.

போதாக்குறைக்கு முழங்கால் வலி. டாக்டர், "நடையைக் குறைங்கம்மா, சைக்கிள் மிதிங்க, நல்லது" என்றார். அங்கன்வாடிக்கு ஒரு காலத்தில் சைக்கிளில் போனவள்தான். ஸ்கூட்டர் பழகச் சொன்னால், முறுக்குகிற வண்டி என்றாலே அவளுக்குப் பயம்.

டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே நான் பெரிய மனசு பண்ணி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். அதிலும் நானூறு குறைத்தேன். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சைக்கிள் இரும்பு கனம் கனத்தது. மல்லிகா குள்ளம். சீட்டை எவ்வளவு இறக்கினாலும் கால் முழுசாக ஊன்றவில்லை. பிரேக்கைப் பிடிக்க அவள் விரலுக்கு எட்டவும் இல்லை, அழுத்தப் பலமும் இல்லை. நாலாம் நாள் சிலமலைக்குப் போகும் ராசிங்காபுரம் ரோட்டில் எதிரே ஒரு டிராக்டர் வர, இவள் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் ஓரமாக இறங்கி வாய்க்காலுக்குள் போய்விட்டாள். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. "எனக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சு" என்றாள். சைக்கிளைக் குறை சொல்லவே இல்லை. அது மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் கவிதாதான் போனில் திட்டினாள். "அப்பா, அளவு பாக்காம செருப்பு வாங்குவீங்களா? மதுரையில ஒரு கடை இருக்கு. ஆளை அளந்து குடுப்பாங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க." அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ்சைப் பிடித்து மதுரைக்குப் போனோம்.

எனக்கு ஏற்கெனவே இந்த உசந்த சைக்கிள்காரர்கள் மேல் ஒரு கடுப்பு. ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டு வளைவுகளில் பார்த்திருக்கிறேன். லட்ச ரூபாய் சைக்கிளில் நாக்குத் தள்ள மிதித்து ஏறுவான். பக்கத்திலேயே தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பு போகும். ஜீப்பில் போகிற பொம்பளைகள், "பாவம், இம்புட்டுக் காசு குடுத்தும் அவனேதான் மிதிக்கணுமாம்" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

கையால் பறித்தது

சைக்கிள் கடையில் யாரும் கூப்பிடாமல் தெருமுனைக்கு வந்தோம் என்றேன் அல்லவா. வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே கண்ணாடிக் கதவு போட்ட பெரிய மளிகைக் கடை. குளுகுளு வசதி. "செத்த நேரம் ஒதுங்குவோம்" என்று உள்ளே போனோம்.

உள்ளே போனவன் சும்மா இருந்திருக்கலாம். கத்தரிக்காய்க்கு ஒவ்வொன்றாகச் சட்டை போட்டு வைத்திருந்தான். வெல்லத்துக்கு அட்டைப்பெட்டி. முருங்கைக்கீரையைப் பொடி பண்ணி டப்பாவில் அடைத்து யானை விலை குதிரை விலை போட்டிருந்தான். சிலமலையில் அந்தக் கீரையை ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிறோம்.

அப்புறம்தான் அது கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலக் கண்ணாடிக் குப்பி. அதில் ஏலக்காய். எண்ணினால் நூறு காய் தேறாது. விலையைக் கிலோவுக்குக் கணக்குப் போட்டேன். போடியில் விற்கிறதற்கு மூன்று பங்குக்கும் மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

குப்பியின் மேல் 'மலைச்சாரலில் கையால் பறித்தது' என்று அச்சடித்திருந்தது.

"தம்பி" என்று கடைப்பையனைக் கூப்பிட்டேன். "ஏலக்காயைக் கையால பறிக்காம காலாலயா பறிப்பாங்க?"

அவன் பாவம், "இது பிரீமியம் சார்" என்றான்.

எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன், முடியாது என்றான். முகர்ந்து பார்க்காமல் ஏலக்காய் வாங்குகிறவன் மனுசனா என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மல்லிகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குப்பியை வெளிச்சத்தில் பிடித்து நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தேன். வெளியே வந்து ஒரு பன்னீர் சோடா குடித்த பிறகுதான் ஆறியது. மல்லிகா கொஞ்சம் பின்னால்தான் வந்தாள்.

இன்னும் விலை முடியலையா

வீட்டுக்கு வந்து மல்லிகா பையிலிருந்து எடுத்து வைத்தாள். அதே குப்பி.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? ஏலக்கா ஊர்ல இருந்துக்கிட்டு மதுரைல போயி..."

"கையில வச்சு அப்படிப் பாத்துக்கிட்டு நின்னீங்க. பிடிச்சிருச்சுபோலன்னு வாங்கினேன்" என்றாள். அவளுடைய பென்சன் காசு.

சரி, மோசடியை நிரூபித்துவிடுவோம் என்று எவர்சில்வர் தட்டை எடுத்துக் கொட்டினேன். விரலால் பரப்பினேன். வெடிப்பு ஒன்றுகூட இல்லை. வெளுப்பு இல்லை. ஒன்று போல எட்டு மில்லி. ஒன்றை உரித்தேன், உள்ளே விதை அரிசி கறுப்பாக, பிசுபிசுப்போடு இருந்தது. வாயில் போட்டேன். தொண்டை வரைக்கும் குளிர்ந்தது. எங்கள் ஊர்ப் பொம்பளை ஒருத்தி உட்கார்ந்து காய் காயாகப் பொறுக்கியிருக்க வேண்டும். மிசினில் இப்படி வராது.

"நல்ல காய்" என்றேன். "ஒரு குறை சொல்ல முடியாது."

மல்லிகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கினாள். "ஒங்க வாயில இருந்து இந்த வார்த்தைய இன்னைக்குத்தான் கேக்குறேன்."

"வாங்கி முடிக்கிற வரைக்கும்தான் சொல்லக் கூடாது. விலை முடிஞ்சிட்டா தாராளமாச் சொல்லலாம்" என்றேன், பெரிய தத்துவம் மாதிரி.

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "நமக்குக் கல்யாணம் முடிஞ்சு முப்பத்திரண்டு வருசமாச்சு. எனக்கு இன்னும் விலை முடியலையா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டாள். நான் தட்டில் கிடந்த காயை மறுபடி குப்பிக்குள் அள்ளிப் போட்டேன்.

அவளே சொன்னாள். "நான் என்ன கொழம்பு வச்சாலும் சுமாருன்னீங்க. பச்சைச் சேலை கட்டுனா சுமாரு. அதுக்குப் பெறகு பச்சையே எடுக்கல. அந்த சைக்கிளும் சுமாருன்னுட்டீங்க. ஒங்களுக்குச் சரக்கு தெரியும்னு நான் நம்புனேன், இறங்கிட்டேன். இப்ப என்னடான்னா, பிடிச்சிருந்தா அப்படித்தான் பேசுவேங்கிறீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

அப்புறம் கீரையைக் கையில் எடுத்துக்கொண்டே, "பக்கத்துத் தோட்டத்து மாரியப்பண்ணன் ரொம்ப நாளா நெலத்தைக் குத்தகைக்குக் கேக்குறாரு. சரின்னு சொல்லிரலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை முன்பணத்தோட வர்றாராம். போய் வர வழியில்லாம நெலத்தை வச்சு நான் என்ன பண்ண?" என்றாள்.

அவள் அப்பா சாகும்போது அவள் பெயருக்கு எழுதி வைத்த மண் அது. கண்ணீர் விட்டிருந்தாலாவது தேவலை. கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேருக்கு எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்சில் மதுரைக்குப் போனேன். கடை திறக்கும் முன்னாலேயே வாசலில் நின்றேன். அந்தப் பெண் வந்தாள், என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"நேத்து நான் சொன்னதெல்லாம்... அந்த சைக்கிள் நல்லாருக்கு" என்றேன். ஒரு கடைக்காரரின் முகத்தைப் பார்த்து, வாங்குவதற்கு முன்னால், நான் இப்படிச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நாக்கு அப்படியே மடங்கியது.

"அம்மாவோட அளவை எழுதி வச்சிருக்கேன் சார்" என்று ஒரு சீட்டை எடுத்தாள். "வருவாங்கன்னு தெரியும். ஏறி உக்காந்ததும் அவங்க மொகம் அப்படி இருந்துச்சு."

நேற்றுப் பழகிய கடைக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் பிறவிக் குணம் போகுமா? "விலையில ஏதாச்சும் பாத்து..." என்று இழுத்தேன்.

"விலை அதேதான் சார்."

"இதுல பேருக்கு எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு? உண்மையைச் சொல்லும்மா."

அவள் நெளிந்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பேருக்கும் கொஞ்சம் இருக்கு சார். பேர் இல்லாத கம்பெனில இன்னும் கொறைச்சலா கெடைக்கும். ஆனா அம்மா ஒசரத்துக்கு, அவங்க விரல் எட்டுற பிரேக்கோட, இந்தச் சின்ன அளவுல வராது" என்றாள். பிறகு என்னை ஒற்றைக் கையால் சைக்கிளைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். ஒரு குடம் தண்ணீர் கனம்கூட இல்லை.

ஆகவே வாசகர்கள் என்னிடம் நியாயம் கேட்டால் இதுதான் சொல்வேன். அதிக விலைதான். இப்பவும் சொல்கிறேன். சைக்கிளிலும் அதிகம், அந்தக் கண்ணாடிக் கதவுக் கடையிலும் அதிகம். கத்தரிக்காய்ச் சட்டைக்கும் குளுகுளுவுக்கும் நாம்தான் அழுகிறோம். அந்த முருங்கைப் பொடிக்காரனை நான் மன்னிக்கவே மாட்டேன். ஆனால் நூறு காயில் ஒரு சொத்தை இல்லாமல் பொறுக்கிக் கொடுக்க யாரோ முதுகு வலிக்க உட்கார்ந்திருக்கிறாள். ஆளை அளந்து பிரேக் வைக்க ஒருத்தி குனிந்திருக்கிறாள். அந்த வேலைக்கு விலை உண்டு. ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கி மாடிப்படிக்கு அடியில் போட்டேனே, அதைவிட விலை கூடின சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

மணியும் ஸ்டாண்டும் கேரியரும் தனிக் காசு. வாயைத் திறக்காமல் கொடுத்தேன்.

போடியிலிருந்து லோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு மினி லாரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு நானும் வந்தேன். தெருவில் இறக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மல்லிகா வாசலுக்கு வந்தாள். நான் மனப்பாடம் பண்ணி வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"இது நல்லாருக்கு. நேத்து நான் சொன்னது பூராம் பொய்" என்றேன். "நீ அதுல உக்காந்திருந்தப்ப ரொம்ப நல்லா இருந்த. அதையும் நான் சொல்லல."

தெருவே கேட்டது.  மல்லிகா உள்ளே போய்ச் சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்து ஹேண்டில்பாரில் வைத்தாள்.  எனக்கும் மனசு நிறைந்து போயிற்று.

வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை பூராவும் தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பழகினாள். குத்தகையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நிலம் அவளுடையது. நான் வாய் விட்டுக் கெடுத்த காரியத்தில் மறுபடி வாய் வைக்கப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் குளித்துவிட்டு வரும்போது சைக்கிளைக் காணோம், மல்லிகாவையும் காணோம். எட்டு மணிக்கு மாரியப்பண்ணனே போன் பண்ணினார். "மாப்ளே, தங்கச்சி என்னைய வீட்டுக்கு வர வேணாம்னு சொல்லிருச்சே. தோட்டத்துக்கே வரச் சொல்லியிருக்கு. நீங்க வர்றீகளா?"

 அங்கேயே வைத்துப் பேசி முடிக்கப் போகிறாளா? ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் வாய்க்கால் ஓரத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். எங்கேயும் விழுந்து கிடக்கவில்லை.

சைக்கிள் தென்னையில் சாத்தாமல் அதன் ஸ்டாண்டிலேயே நின்றது. மல்லிகா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தரிப் பாத்திக்கு மடை திருப்பிக் கொண்டிருந்தாள். மாரியப்பண்ணன் ஒரு மஞ்சப்பையோடு வரப்பில் நின்றார். பைக்குள் முன்பணம் இருக்க வேண்டும்.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க" என்று அவள் சொல்வது காதில் விழுந்தது. "நெலத்தை விடல. நானே பாத்துக்கிறேன். ஒங்கள அலைய விட்டுட்டேன்."

மாரியப்பண்ணன் என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், சிரித்தார். "அதனாலென்ன தங்கச்சி. ஒன் மண்ணு" என்று பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

மல்லிகா என்னை அப்போதுதான் கவனித்தாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

"சும்மாதான். பாத்துட்டுப் போகலாம்னு."

"பாத்தாச்சுல்ல. கெளம்புங்க" என்று மறுபடி குனிந்து மடையைப் பார்த்தாள். தண்ணீர் அடுத்த பாத்திக்குள் ஏறிக்கொண்டிருந்தது. "சோறு வடிச்சு வச்சிருக்கேன். சாப்பிட்டுருங்க. நான் வர நேரமாகும்."